கடல் கடந்த சேலத்துக் குரலும் ஈழத்துத் துள்ளிசையும்

முத்தமிழுள் நடுவண் நிற்பது இசை. ஆயினும் இன்று 'பாட்டு' என்ற அளவிலே நம் நினைவுக்கு வருவது பெரும்பாலும் திரைப்பாட்டே. திரைக்கு வெளியே பிறந்து, மக்கள் நாவில் நடமாடிய தமிழ்ப் பாடல்கள் பலவற்றை நாம் கேட்டதும் இல்லை, தேடியதும் இல்லை. அவற்றுள் ஒன்றாகிய ஈழத்துப் பாப் இசையை அறிமுகம் செய்து, அதனைக் கேட்டு நயக்கும் முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அவ்விசை வளர்ந்த தீவில் பெரும்புகழ் பெற்ற பாடகர் ஒருவர் நம் சேலத்து மண்ணில் பிறந்தவர் என்பதும் ஈண்டு நினைக்கத் தக்கது.

பாப் இசை என்பது யாது?

பொதுமக்கள் விரும்பிக் கேட்கும் எளிய மெல்லிசையே பாப் இசை எனப்படும். தமிழகத்தார் 'பாப்' என எழுதுவதை ஈழத்தார் 'பொப்' என எழுதுவர். 'துள்ளிசை' என்னும் அழகிய தமிழ்ப் பெயரும் அங்கு வழங்குகிறது. ராக் இசை 1950களில் அமெரிக்காவில் உருப்பெற்றது. கறுப்பின மக்களின் துயரப் பாடல்களும் நாட்டுப்புற உழவரின் பாடல்களும் கலந்து, மின்கித்தாரின் துணையோடு எழுந்தது அது. இரண்டும் அரண்மனையில் பிறந்தவை அல்ல. உழைப்பாளர் நடுவே பிறந்தவை. உடுக்கடிப் பாட்டில் அண்ணன்மார் கதையை விடிய விடியக் கேட்ட கொங்கு நாட்டாருக்கு இவ்வுண்மை எளிதில் விளங்கும்.

சேலம் தந்த குரல்

சிங்கள மெல்லிசையின் முன்னோடிகளுள் ஒருவராகப் போற்றப்படும் மொஹிதீன் பேக் 1919ஆம் ஆண்டு சேலத்தில் பிறந்தவர். இளம்பருவத்திலேயே கொழும்பு சென்று, அங்கேயே வாழ்ந்து, 1991இல் மறைந்தார். 1947இல் வெளிவந்த 'அசோகமாலா' என்னும் சிங்களத் திரைப்படத்தில் பாடிய அவர், அதன்பின் பல்லாண்டுகள் அத்தீவின் இல்லந்தோறும் ஒலித்தார். இசுலாமியராகவே வாழ்ந்த அவர் பாடிய பௌத்தப் பாடல்கள் வெசாக் திருநாளில் இன்றும் ஒலிக்கின்றன. பிறந்த ஊர் ஒன்று. பாடிய மொழி மற்றொன்று. பாடியது வேறொரு சமயத்தாரின் பெருமையை. இம்மூன்றும் ஒரு குரலில் பகையின்றிக் கூடி நின்றமை வியந்து போற்றத்தக்கது.

அக்காலத்தில் தமிழகத்திற்கும் சிங்களக் கலைக்கும் நெருங்கிய உறவு இருந்தது. முதல் சிங்களப் பேசும்படமான 'கடவுனு பொறொந்துவ' மதுரையில் படமாக்கப்பெற்று 1947இல் வெளிவந்தது. முதல் மலையாளப் பேசும்படமாகிய 'பாலன்' (1938) சேலம் மாடர்ன் தியேட்டர்சில் உருவானது. மாடர்ன் தியேட்டர்சைப் பெருமையோடு சொல்லும் சேலத்தார், மொஹிதீன் பேக்கின் பெயரை எத்தனை முறை சொல்லியிருப்போம்?

துள்ளிசையின் தோற்றம்

1505இல் இலங்கைக்கு வந்த போர்த்துகீசியரும், அவர்கள் கொணர்ந்த ஆப்பிரிக்க மக்களும் தம் ஆடற்பாடல்களை அங்கு விட்டுச் சென்றனர். 'ஆடுதல்' எனப் பொருள்படும் போர்த்துகீசியச் சொல்லினின்று வந்ததே 'பைலா' என்னும் பெயர். 1940களில் காவல்துறையில் பணியாற்றிய வாலி பாஸ்டியன் என்பார் அதனைச் சிங்களப் பாடலாக வளர்த்தார். மேலை நாட்டார் எட்டில் ஆறு எனக் குறிக்கும் அதன் தாளம் நம் திச்ர நடைக்கு நெருங்கியது. ஆதலின் தமிழ்ச் செவிக்கு அது அயலாகத் தோன்றுவதில்லை. 1956இல் வெளிவந்து உலகெங்கும் பரவிய ஹாரி பெலஃபாண்டேயின் 'கலிப்சோ' இசைத்தட்டு, கித்தார் ஏந்திப் பாடும் ஆர்வத்தைத் தீவின் இளைஞரிடம் மேலும் தூண்டிற்று.

இச்சூழலில் 1960களின் பிற்பகுதி தொடங்கித் தமிழ்ப் பொப் இசை தழைத்தது. யாழ்ப்பாணத்தவரான நித்தி கனகரத்தினம் அதன் தந்தை எனப் போற்றப்படுகிறார். அவருடைய 'சின்ன மாமியே' உறவுமுறைப் பேச்சின் நகைச்சுவையைப் பாட்டாக்கியது. கள்ளுக்கடைப் பக்கம் போகலாகாது என அறிவுறுத்தும் பாடலையும் அவர் துள்ளல் மெட்டிலேயே அமைத்தார். அறவுரையைச் சிரித்துக்கொண்டே சொல்லும் வழி அது. 'பொப்பிசைச் சக்கரவர்த்தி' எனப்பட்ட ஏ. ஈ. மனோகரன் 'சுராங்கனி'யைச் சிங்களமும் தமிழும் கலந்து பாடிப் பரப்பினார். மீன் கொண்டுவரும் செய்தியைச் சொல்லும் அவ்வெளிய பாடல், 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தின் வழித் தமிழ்த் திரைக்கும் வந்தது. மனோகரன் பின்னர்த் தமிழகத்தில் குடியேறித் திரைப்படங்களில் நடித்து, 2018இல் சென்னையில் மறைந்தார்.

வானொலியும் மறதியும்

1952இல் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கியபோது நம் நாட்டு நேயர்கள் இலங்கை வானொலியின் பக்கம் திரும்பினர். 1957இல் விவித பாரதி தொடங்கிய பின்னும் அப்பற்று குறையவில்லை. கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது ஆகியோரின் அறிவிப்பை நம் ஊர்ப் பெரியோர் பலர் இன்றும் நினைவுகூர்வர். ஆனால் அவ்வலைவரிசையில் தமிழகத்தார் பெரிதும் நாடியது தம் திரைப்பாடல்களையே. அறிவிப்பாளரின் குரல் நெஞ்சில் தங்கியது. அத்தீவுத் தமிழர் தாமே புனைந்து பாடிய பாடல்கள் தங்கவில்லை. பின்னர் 1983இல் நேர்ந்த இனக்கலவரமும் அதனைத் தொடர்ந்த நெடும்போரும் பாடகரையும் நேயரையும் நாடு நாடாகச் சிதறடித்தன.

புறக்கணிப்பு என்பது தரக்குறைவின் சான்று ஆகாது. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரைச் சேர்ந்த ரொட்ரிகஸ் 1970இலும் 1971இலும் வெளியிட்ட இசைத்தட்டுகள் தம் நாட்டில் விலைபோகவில்லை. அவர் கட்டட இடிப்பு வேலை செய்து வாழ்ந்த காலத்தில், அவரறியாமலே தென்னாப்பிரிக்காவில் அப்பாடல்கள் பெரும்புகழ் பெற்றன. அவரைத் தேடிக் கண்ட வரலாறு 2012இல் ஆவணப்படமாக வந்து உலகறியச் செய்தது. தேடியவர் இருந்தமையால் அக்குரல் மீண்டது. நம் நாட்டிலும் 'ரோஜா'வுக்கு (1992) முன்னர் ஏ. ஆர். ரகுமான் இசையமைத்து மால்குடி சுபா பாடிய ஆங்கிலப் பாப் தொகுப்பு கவனிப்பாரற்றுப் போயிற்று. அதே வேளை, நாகூர் ஈ. எம். ஹனிபா (1925–2015) திரையைப் பெரிதும் சாராமல் மணவீடுகளிலும் மேடைகளிலும் ஒலித்துப் புகழ்பெற்றார். திரையன்றியும் தமிழ்ப்பாடல் வாழும் என்பதற்கு அவரே சான்று.

கேட்கும் முறை

புதிய இசையை ஒரே முறை கேட்டு 'இரைச்சல்' எனத் தள்ளுவது முறையன்று. குறைந்தது மும்முறை கேட்க வேண்டும். முதன்முறை தாளத்தை மட்டும் கவனிக்க. முழவும் தாழ்சுருதிக் கித்தாரும் எவ்வாறு ஒன்றையொன்று தாங்குகின்றன என்பது புலப்படும். இரண்டாம் முறை சொல்லைக் கவனிக்க. வட்டார வழக்கும் எள்ளலும் தென்படும். மூன்றாம் முறை குரலைக் கவனிக்க; பயின்ற குரலின் நேர்த்தியைத் தேடாமல், பேச்சின் இயல்பைத் தேடுக. அதன் பின்னரும் பிடிக்கவில்லையெனில் விலக்கலாம். இரைச்சலென்று கருதும் பெரியோரின் கருத்தும் மதிக்கத்தக்கதே. கேட்ட பின் கூறும் தீர்ப்புக்கு மதிப்பு மிகுதி என்பதே நம் வேண்டுகோள்.

நம் கடமை

அரக்குப் பிசினால் ஆன பழைய 78 சுற்று இசைத்தட்டு கீழே விழுந்தால் உடையும். சாராயக் கலவை கொண்டு துடைத்தால் கரையும். அதனை மென்துணியால் துடைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் நிமிர்த்தி வைத்தல் வேண்டும். ஒலிநாடாவின் காந்தப் பூச்சோ ஆண்டுகள் செல்லச் செல்லத் தேய்ந்து உதிரும். சேலம், நாமக்கல் வட்டாரத்து இல்லங்களின் பரண்களில் இத்தகையன இருக்குமாயின், மாணவர் அவற்றைத் தேடி, தட்டின் முகப்பிலுள்ள பாடகர் பெயர், நிறுவனம், எண், மொழி ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளலாம். இலங்கையில் வணிகம் செய்து திரும்பிய குடும்பத்துப் பெரியோரை அணுகி, அவர்தம் நினைவுகளைப் பதிவு செய்யலாம். ஒலியைக் கணினியில் பெயர்த்துக் கல்லூரி நூலகத்தில் காக்கலாம்.

தட்டு உடைந்தால் பாட்டு மறையும். நினைவுடைய முதியவர் மறைந்தால் பாட்டின் வரலாறும் மறையும். ஆதலின் இப்பணியை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைத்தல் ஆகாது. மொஹிதீன் பேக்கின் பாடல் ஒன்றை நம் மாணவர் தேடிக் கேட்பதே இதற்குத் தக்க தொடக்கமாகும்.