பறக்கும் படகுகள்

தேன்கனிக்கோட்டையிலிருந்து கடலைக் காண வேண்டுமாயின் நெடுந்தொலைவு பயணம் செய்தல் வேண்டும். ஆயினும் நமக்கு அண்மையிலுள்ள பெங்களூருக்கு ஒரு காலத்தில் கடற்போருக்குரிய படகுகள் வந்தன. அவை வான் வழியே வந்தன!

இரண்டாம் உலகப் போரின்போது, 1940ஆம் ஆண்டில் வால்சந்த் ஹீராசந்த் என்பார் தொடங்கிய இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை, போர் விமானங்களைப் பழுதுபார்க்கும் பெருங்கூடமாக விளங்கிற்று. 'காட்டலினா' என்னும் பறக்கும் படகுகள் பெல்லந்தூர் ஏரியில் இறங்கி, கரையேற்றப்பட்டு, அத்தொழிற்சாலைக்குச் சென்றன. அண்மைக் காலத்தில் நுரை பொங்கிப் பெயர் கெட்டதும் அதே ஏரிதான். அதன் நீரே வர்த்தூர் ஏரி வழியாகத் தென்பெண்ணையில் கலந்து, ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணைக்கு வருகின்றது.

பறக்கும் படகுக்கு ஓடுபாதை வேண்டுவதில்லை. அதன் உடலே படகாக அமைந்திருக்கும். ஆனால் நீர் எளிதில் விடை கொடுப்பதில்லை. அடிப்பாகத்தை நீர் பற்றி இழுக்கும். இப்பிடியை விடுவிக்கவே அடியில் ஒரு படி போன்ற வெட்டு அமைத்தனர். வேகம் மிகும்போது அவ்வெட்டினுள் காற்றுப் புகுந்து, நீரின் பற்று அறுகின்றது. அலையற்ற கண்ணாடி நீரைவிடச் சிற்றலை எழும் நீரிலிருந்து கிளம்புதல் எளிது என்பது வியப்பன்றோ?

இலங்கையின் தென்கோடியில் உள்ள கொக்கல ஏரி அக்காலத்தில் புகழ்பெற்ற தளம். ஜப்பானியர் சிங்கப்பூரைக் கைப்பற்றியதும் ஆஸ்திரேலியாவுக்குச் செல்லும் வான்வழி அறுந்தது. அதனை மீண்டும் இணைக்க, 1943 முதல் 1945 வரை ஐந்து காட்டலினாக்கள் பெர்த் நகருக்கும் கொக்கலவுக்கும் இடையே இந்தியப் பெருங்கடலை ஒரே மூச்சில் கடந்தன. தொலைவு ஏறத்தாழ 5,600 கிலோமீட்டர். காலம் 27 முதல் 33 மணி நேரம். வழியில் பயணிகள் இருமுறை கதிரவன் எழக் கண்டனர். பகைவர் அறியாதிருக்க வானொலியை அடக்கி, விண்மீன்களைக் கொண்டே திசை அறிந்தனர்.

இதற்குக் கொடுத்த விலை என்ன? ஏறக்குறைய 9,000 லிட்டர் எரிபொருளை ஏற்றியபின் மூன்று பயணிகளுக்கும் ஒரு சிறு அஞ்சல் மூட்டைக்குமே இடம் எஞ்சிற்று. புறப்பட்ட முதற் சில மணி நேரத்தில் இரண்டு எஞ்சின்களில் ஒன்று நின்றாலும், அப்பாரத்தோடு வானில் நிலைத்தல் அரிது. ஆயினும் 271 பயணங்களில் ஓர் உயிரும் அழியவில்லை. போர் முடிந்தபின் அவ்வூர்திகளைக் கடலில் மூழ்கடித்துவிட்டனர் என்பதே நெஞ்சை உறுத்துகின்றது.

எரிபொருள் முழுவதையும் தரையிலேயே ஏற்றாமல், வழியில் வானத்திலேயே பெற்றால் என்ன? இவ்வெண்ணத்திற்கும் பறக்கும் படகு பயன்பட்டது. அமெரிக்கக் கடற்படையின் 'டிரேட்விண்ட்', படைவீரரையும் தளவாடங்களையும் சுமக்கக் கட்டப்பட்ட பெரும்படகு. அதன் இறக்கைகளிலிருந்து நான்கு குழாய்கள் பின்னே நீளும். ஒவ்வொன்றின் நுனியிலும் புனல் போன்ற கூடை இருக்கும். பின்தொடரும் விமானி தன் விமானத்தின் மூக்கிலுள்ள கூர்ங்குழலை அக்கூடையில் செருகுவான். 1956இல் இவ்வாறு நான்கு போர் விமானங்களுக்கு ஒரே நேரத்தில் எரிபொருள் ஊட்டியது டிரேட்விண்ட். அதற்குமுன் வேறெந்த விமானமும் அதனைச் செய்ததில்லை.

எனினும் அதன் எஞ்சின்கள் ஓயாது தொல்லை தந்தன. நீண்ட ஓடுபாதைகளும் இதற்குள் உலகெங்கும் பெருகிவிட்டன. கட்டப்பட்டவை பதினொன்றே; 1958ஆம் ஆண்டில் அவை பணியிலிருந்து நீக்கப்பட்டன.