250 பேருக்கான கட்டடம்

டீ கிளாஸை மேசை நடுவே வையுங்கள். அதற்கு இரு பக்கமும் பிஸ்கட்டுகளை வரிசையாக அடுக்குங்கள், ஆனால் ஒவ்வொன்றும் முன்னதைவிடப் பாதி பிஸ்கட் பின்தள்ளி இருக்கட்டும். 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் எழுந்த பெரிய மனநோய் மருத்துவமனைகள் பலவற்றின் வரைபடம் இதுதான். கிளாஸ் இருக்கும் இடத்தில் அலுவலகமும் தலைமை மருத்துவரின் குடியிருப்பும். ஒரு பக்கம் ஆண்கள் வார்டு, மறுபக்கம் பெண்கள் வார்டு. அமைதியானவர்கள் நடுவுக்கு அருகில். கொந்தளிப்பில் இருப்பவர்கள் கடைக்கோடியில்.

இதை வகுத்தவர் தாமஸ் ஸ்டோரி கிர்க்பிரைடு. 1841-லிருந்து 40 ஆண்டுகளுக்கு மேல் பிலடெல்பியாவில் மனநோய் மருத்துவமனை நடத்தியவர். சிறைகளிலும் ஏழை விடுதிகளிலும் மனநோயாளிகள் அடைபட்டுக் கிடப்பதை ஊர் ஊராகப் போய்ப் பார்த்து, சட்டமன்றங்களிடம் வாதாடிய டொரோதியா டிக்ஸின் முயற்சியால், இந்த அமைப்பில் முதல் கட்டடம் 1848-ல் நியூ ஜெர்சியின் டிரெண்டனில் திறந்தது.

எதற்காகப் பின்தள்ளிக் கட்ட வேண்டும்? வார்டு என்பது நீண்ட நடைகூடம், ஓரங்களில் அறைகள். எல்லா வார்டுகளையும் ஒரே கோட்டில் ஒட்டிக் கட்டினால் நடைகூடம் இருண்டுவிடும். பின்தள்ளினால் அதன் முனையும் வெளியே திறக்கிறது. ஜன்னல் வைக்கலாம், வெயிலும் காற்றும் உள்ளே வரும். தனி அறை 8-க்கு 10 அடிக்குக் குறையக் கூடாது, கூரை 12 அடி உயரம் வேண்டும் என்று மருத்துவமனைத் தலைவர்களின் சங்கம் 1851-ல் விதியே வகுத்தது. நோயாளியை மனிதராக நடத்தினால் தேறுவார் என்று அவர்கள் உண்மையாகவே நம்பினார்கள். அதனால்தான் தோட்ட வேலை, மாலையில் ஒளிப்பட விளக்குக் காட்சி எல்லாம் மருத்துவத்தோடு சேர்ந்தே வந்தன.

அந்த விதிகளில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று: ஒரு கட்டடத்தில் 250 பேருக்கு மேல் கூடாது, 200 என்றால் இன்னும் நல்லது. தலைமை மருத்துவர் ஒவ்வொரு நோயாளியையும் நேரில் அறிந்திருந்தால்தான் யாரை எந்த வார்டுக்கு மாற்றலாம், யாரை வீட்டுக்கு அனுப்பலாம் என்று முடிவெடுக்க முடியும். இந்த எண்ணிக்கைதான் மருந்து. சுவரும் ஜன்னலும் அதற்குத் துணை.

1866-ல் அதே சங்கம் வரம்பை 600 ஆக்கியது. மேற்கு வர்ஜீனியாவின் வெஸ்டனில் 250 பேருக்குக் கட்டிய மருத்துவமனையில் 1950-களில் சுமார் 2,400 பேர் இருந்தார்கள். அந்த நெரிசலில் வார்டு பிரிப்புக்கு என்ன பொருள்?

கூட்டம் சேர்ந்ததற்குப் பணக் கணக்கும் ஒரு காரணம். நியூயார்க்கில் 1890-ஆம் ஆண்டுச் சட்டம் மனநோயாளிகளின் செலவை மாவட்டங்களிடமிருந்து மாநிலத்துக்கு மாற்றியது. நோக்கம் நல்லதுதான். ஆனால் தங்கள் ஏழை விடுதிகளில் இருந்த, வயதாகி நினைவு தடுமாறிய முதியவர்களையும் மனநோயாளிகள் என்று எழுதி அனுப்பிவைத்தால் மாவட்டங்களுக்குச் செலவு மிச்சம். அப்படியே அனுப்பினார்கள். குணமாகித் திரும்புவதற்கென்று கட்டிய அறைகள், திரும்பிப் போக இடமில்லாதவர்களால் நிரம்பின.