இன்புளுயன்ஸா மரணங்கள் கணக்கிடப்படும் விதம்

மரணக் கணக்குப் புத்தகத்தில் இன்புளுயன்ஸா என்னும் பெயர் அபூர்வமாகவே காணப்படும். அந்த ஜுரம் கண்டவர்களில் பெரும்பாலோர் ஒரு வாரத்தில் எழுந்து நடமாடுவர். இறப்பவர்களோ, பெரும்பாலும் ஜுரத்தைத் தொடர்ந்து வரும் நிமோனியாவினாலாவது, முன்னரே இருந்த இருதய நோய், காசம், நீரிழிவு முதலியவை முற்றியாவது இறப்பர். வைத்தியர் அந்தக் கடைசி வியாதியின் பெயரை எழுதுவார். வைத்தியர் பார்க்காத இடத்தில் வீட்டார் ஜுரமென்றோ வயோதிகமென்றோ சொல்லிவிடுவர். ஆகையால் அந்தப் பெயரை மாத்திரம் தேடிக் கூட்டுகிறவர் ஒரு சிறு பகுதியையே காண்பார்.

இதற்கு உபாயம் கண்டவர்களில் முக்கியமானவர், இங்கிலாந்தின் ஜனன மரணப் பதிவு இலாகாவில் புள்ளி விவரங்களைத் தொகுத்துவந்த வில்லியம் ஃபார் என்பவர். 1847-ம் வருஷக் குளிர்காலத்தில் லண்டன் நகரில் இந்த ஜுரம் பரவியபோது, அதன் பெயரால் பதிவான மரணங்களுடன் அவர் நின்றுவிடவில்லை. அந்தக் காலத்தில் வழக்கமாக எத்தனை பேர் இறப்பர், அவ்வருஷம் எத்தனை பேர் இறந்தனர் என்று பார்த்து, அவ்விரண்டிற்கும் உள்ள மிகுதியைக் கணக்கிட்டார். இன்புளுயன்ஸா என்று எழுதப்பட்டவை அம்மிகுதியில் சொற்பமாகவே இருந்தன.

இம்முறை சங்கத்தின் பேரேட்டைப் பார்க்கத் தெரிந்த எவருக்கும் விளங்கக்கூடியதே. ஒரு பிர்க்காவில் முந்திய ஐந்து வருஷங்களில் கார்த்திகை மாதத்தில் சராசரி 20 பேர் இறந்தனரென்றும், இவ்வருஷம் கார்த்திகையில் 33 பேர் இறந்தனரென்றும் வைத்துக்கொள்வோம். மிகுதி 13. இந்த 13 பேரும் இன்னார் இன்னார் என்று பெயர் சுட்டிக் காட்ட முடியாது. ஆயினும் புதிதாக ஏதோ ஒன்று அவ்வூர்களில் புகுந்ததென்பது நிச்சயம். கார்த்திகையைக் கார்த்திகையோடுதான் ஒப்பிடவேண்டும். பருவத்துக்குப் பருவம் மரணத் தொகை தானே ஏறி இறங்குமாதலால், கார்த்திகையைச் சித்திரையோடு ஒப்பிடுதல், அறுவடை மாத வசூலைக் கோடை மாத வசூலோடு ஒப்பிட்டுக் காரியதரிசியைக் குறை கூறுவது போலாகும்.

ஐக்கிய அமெரிக்காவில் 122 நகரங்களிலிருந்து வாரந்தோறும் மொத்த மரணங்களையும், அவற்றுள் நிமோனியா, இன்புளுயன்ஸா இவற்றால் நேர்ந்தவற்றையும் தருவித்து, பருவத்துக்குரிய அளவை அவை தாண்டுகின்றனவா என்று 2016-ம் வருஷம் அக்டோபர் வரையில் பார்த்துவந்தனர். அங்கே கடுங்குளிர் மாதங்களே இந்த ஜுரத்தின் பருவம். நமது நாட்டிலோ இடத்துக்கு இடம் பருவம் மாறுகிறது. 2009-க்குப் பின்னர் பத்து நகரங்களில் நடத்தப்பட்ட பரிசோதனைகளில், ஸ்ரீநகரில் பனிக்காலத்திலும், டில்லி, பூனா முதலிய இடங்களில் ஜூன் முதல் செப்டம்பர் வரையுள்ள மழைக்காலத்திலும், சென்னை, வேலூர் இவற்றில் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் இந்நோய் மிகுந்திருந்தது. சென்னைக்கும் வேலூருக்கும் அம்மாதங்களில் மழை தரும் வடகிழக்குப் பருவக்காற்றே கடலூருக்கும் நெல்லிக்குப்பத்துக்கும் மழை தருவதால், இவ்வட்டாரத்தார் தை மாதப் பனியைக் காட்டிலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையையே முக்கியமாகக் கவனிக்கவேண்டும்.

கணக்கு குறைந்தால் என்ன நேரும் என்பதற்கு 1918-ம் வருஷமே பெரிய சாட்சி. அவ்வருஷம் ஜூன் 10-ந் தேதி பம்பாய்த் துறைமுகத்தில் காவலிருந்த போலீஸ் சிப்பாய்கள் எழுவர் ஜுரத்துடன் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர். முதல் அலை லேசாகக் கடந்தது. செப்டம்பரில் மூண்ட இரண்டாவது அலையோ, அக்டோபர் 6-ந் தேதி ஒரே நாளில் பம்பாய் நகரில் 768 மரணங்களைப் பதிவு செய்தது. பருவமழை பொய்த்து, தானிய விலை ஏறியிருந்த சமயம் அது. சென்னை மாகாணத்திலும் அக்டோபரே கொடிய மாதமாயிருந்தது. ஆயினும் பம்பாய், மத்திய மாகாணங்களைவிட இங்கு நாசம் குறைவே. வேறு வருஷங்களில் குழந்தைகளையும் வயோதிகரையும் கொண்டுபோகும் ஜுரம், அவ்வருஷம் 20 முதல் 40 வயது வரையுள்ள பாடுபடும் ஜனங்களையே அதிகமாக வாரிக்கொண்டது. ஆண்களைவிடப் பெண்கள் அதிகமாக மாண்டனர். நோயாளிகளுக்குப் பணிவிடை செய்ததும், மிஞ்சியதை உண்டதும் அவர்களே என்பதை நினைத்தால் இது வியப்பன்று.

அக்காலத்தில் கிராமங்களில் மரணத்தைப் பதிவு செய்தவர் கிராம முன்சீப். காலரா, வைசூரி, பிளேக், ஜுரம் என்பவை போன்ற சில தலைப்புகளே அவருக்குத் தரப்பட்டிருந்தன. ஆகையால் இன்புளுயன்ஸா முழுவதும் பெரும்பாலும் ஜுரத்தில் அடங்கிவிட்டது. பல மாகாணங்களில் கணக்கெழுதுவோரே படுக்கையில் கிடந்தனர். சிலர் இறந்தும் போயினர். சர்க்கார் முதலில் கூறிய தொகை சுமார் 60 லட்சம். 1921-ம் வருஷ ஜனக் கணக்கெடுப்புக்குப் பின்னர் அது இரட்டிப்பாயிற்று. பிற்கால ஆராய்ச்சியாளரோ 1 கோடியே 40 லட்சத்திலிருந்து 1 கோடியே 80 லட்சம் வரையிற் கூறுகின்றனர். இந்த வித்தியாசம் ஒரு பெரிய ராஜ்யத்தின் ஜனத்தொகைக்குச் சமானம்.

அண்மைக் காலத்திலும் இந்த விவாதம் தீரவில்லை. 2020, 2021-ம் வருஷங்களில் கொரோனாவினால் இந்தியாவில் இறந்தோர் சுமார் 4 லட்சத்து 80 ஆயிரமென்று சர்க்கார் கணக்குக் கூறியது. உலக சுகாதார ஸ்தாபனம் 2022-ம் வருஷம் மே மாதத்தில் மிகுதி மரணம் சுமார் 47 லட்சமென்று மதிப்பிட்டது. அம்முறையை இந்திய சர்க்கார் ஏற்கவில்லை. சாதாரண வருஷத்துக் கணக்கு ஒழுங்காயிராத இடத்தில் மிகுதியும் வழக்குக்குரியதாகிவிடுகிறது.

நெல்லிக்குப்பத்தைச் சுற்றிய கிராமங்களுக்கு இன்னுமொரு சிக்கல் உண்டு. 1969-ம் வருஷத்து ஜனன மரணப் பதிவுச் சட்டப்படி, மரணம் எங்கே நேர்ந்ததோ அங்கேயே பதிய வேண்டும். மூச்சுத் திணறி அபாயமான நிலைக்கு வந்தவரைக் கடலூர் ஆஸ்பத்திரிக்கோ, அருகிலுள்ள புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கோ கொண்டுபோகிறார்கள். அவர் அங்கே இறந்தால் மரணம் அந்த நகரத்தின் புத்தகத்தில் ஏறுகிறது. புதுச்சேரியாயின் அந்த யூனியன் பிரதேசத்தின் கணக்கிலேயே சேர்கிறது. கிராமத்தின் புத்தகமோ நோயே வராதது போல வெறுமையாயிருக்கும். பதிவுப் படிவத்தில் இறந்தவர் வழக்கமாக வசித்த ஊரைக் கேட்கும் பகுதி இதன்பொருட்டே வைக்கப்பட்டிருக்கிறது. அங்கே ஆஸ்பத்திரியின் விலாசத்தையோ, உறவினர் வீட்டு விலாசத்தையோ எழுதலாகாது.

வீட்டில் நேர்ந்த மரணத்தை அறிவிக்கும் கடமை குடும்பத் தலைவருடையது. கிராமத்தில் கிராம நிர்வாக அலுவலரிடமும், நெல்லிக்குப்பம் போன்ற நகராட்சியில் நகராட்சிச் சுகாதாரப் பிரிவிலும் 21 நாட்களுக்குள் அறிவித்தால் கட்டணமில்லை. ஓராண்டு கடந்துவிட்டால் மாஜிஸ்டிரேட்டின் உத்தரவு வேண்டும். 2023-ம் வருஷத் திருத்தத்துக்குப் பின்னர், ஆஸ்பத்திரியில் இறந்தவரின் மரண காரணச் சான்றில் ஒரு பிரதி நெருங்கிய உறவினருக்குக் கொடுக்கப்பட வேண்டும். அதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம். இறந்த அங்கத்தினரின் பங்குத் தொகையையும் சேமிப்பையும் வாரிசுக்குக் கொடுப்பதற்குச் சங்கம் கேட்பதும் மரணப் பதிவுச் சான்றைத்தான்.