கண்புரைக்குப் பின் இரண்டாம் அறுவை சிகிச்சை: எதற்குக் காத்திருக்கலாம், எதற்குக் கூடாது?

கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்புவோரில் மிகப் பெரும்பாலோர் மீண்டும் அறுவை அரங்கிற்கு வரவேண்டியதில்லை. சிலருக்கு மட்டும் அத்தேவை ஏற்படுகிறது. அதை எடுத்துச் சொன்னதும், "இன்றைக்கே செய்தாக வேண்டுமா?" என்று பதறும் குடும்பங்களும் உண்டு, "அறுவடை முடியட்டுமே, டாக்டர்" என்று தள்ளிப்போடும் குடும்பங்களும் உண்டு. எந்தச் சிக்கல் என்பதைப் பொறுத்து இரு சாராருமே சரியாகவும் இருக்கலாம், தவறாகவும் இருக்கலாம்.

இயற்கை லென்ஸ் ஒரு மெல்லிய பைக்குள் இருக்கிறது. அறுவையின்போது அப்பையின் முன்புறத்தைத் திறந்து புரையை எடுத்துவிட்டு, செயற்கை லென்ஸை அதே பைக்குள் அமர்த்துகிறோம். பையின் பின்சுவர் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தடிமன்கூட இல்லாதது. சில கண்களில் அது கிழிந்து, புரையின் துண்டொன்று பின்னாலுள்ள கூழ்மத்துக்குள் நழுவி விழுந்துவிடும். புரை நன்கு முற்றிக் கறுத்த பின்பு வருவோரிடம் இந்த ஆபத்து கூடுதல். பார்வை அறவே மங்கும்வரை பொறுத்திருக்கும் வழக்கம் நம் கிராமப்புறங்களில் இன்னும் நீங்காததால் இதைக் குறிப்பிடுகிறோம்.

விழுந்த துண்டை அந்தக் காயத்தின் வழியாகவே துரத்திப் பிடிக்க முயல்வது விழித்திரையைக் கிழித்துவிடக்கூடும். ஆகவே முதல் அறுவையை அத்துடன் பாதுகாப்பாக முடித்துவிட்டு, விழித்திரை நிபுணரிடம் ஒப்படைப்பதே முறை. துண்டு சிறிதாகவும் மென்மையாகவும் இருந்தால் சொட்டு மருந்திலேயே கரைந்துவிடும். கடினமான நடுப்பகுதி கரையாது; கண்ணில் அழற்சியை உண்டாக்கி அழுத்தத்தை ஏற்றும். அதனைப் பொதுவாக முதல் ஒன்று, இரண்டு வாரங்களுக்குள் அகற்றுகிறோம். நடுவில் சில நாட்கள் காத்திருக்கச் சொன்னால் அது அலட்சியம் அன்று. வீங்கிய கருவிழி தெளிந்தால்தான் மருத்துவரால் உள்ளே பார்த்துச் செய்ய முடியும். மருந்துக்கும் அழுத்தம் இறங்கவில்லை என்றாலோ, விழித்திரையில் கிழிசல் தெரிந்தாலோ அந்தக் காத்திருப்பும் இல்லை.

கண்ணுக்குள் கிருமித்தொற்று ஏற்பட்டால் நிலைமை வேறு. அங்கே மணிக்கணக்கில்தான் முடிவெடுக்கிறோம். பெரும்பாலும் முதல் வாரத்துக்குள் வலி கூடும், கண் சிவக்கும், இமை வீங்கும், நேற்றுத் தெரிந்தது இன்று தெரியாது. அமெரிக்காவில் 420 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 1995-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று இன்றும் வழிகாட்டுகிறது. கையசைவாவது தெரிகிற கண்களுக்கு உள்ளே செலுத்தும் நுண்ணுயிர்க்கொல்லி ஊசி போதுமானதாக இருந்தது. வெளிச்சம் மட்டுமே தெரிகிற நிலைக்குப் போன கண்களில் உடனடியாகக் கூழ்மத்தை அகற்றியது கூடுதல் பலன் தந்தது. அதாவது, கையசைவு தெரியும்போதே வந்து சேர்பவர் பல நேரம் ஊசியோடு தப்பிக்கலாம்.

இத்தொற்றைத் தடுப்பதில் மதுரைக்கும் ஒரு பங்கு உண்டு. 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் இங்கே தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் குழுமத்தில், அறுவை முடிவில் கண்ணுக்குள்ளேயே மாக்ஸிஃப்ளாக்சசின் மருந்தைச் செலுத்தும் முறை ஆராயப்பட்டது. 6 லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகளைக் கொண்டு 2017-இல் வெளியான முடிவுகளின்படி, தொற்று 10,000 பேரில் சுமார் 7 என்பதிலிருந்து 2 ஆகக் குறைந்தது. அந்த இருவருள் ஒருவர் நம் வீட்டிலும் இருக்கலாம். "சூடு பிடித்திருக்கிறது" என்று எண்ணெய் வைத்தும், தாய்ப்பால் விட்டும், மருந்துக்கடையில் கேட்டு ஏதேனும் சொட்டு மருந்து வாங்கியும் இரண்டு நாட்களைக் கழித்துவிட்டு வருவோரைக் காணும்போதுதான் எங்களுக்கு மிகவும் வருத்தம். உசிலம்பட்டியிலிருந்தோ மேலூரிலிருந்தோ கடைசிப் பேருந்து போய்விட்டது என்றால், வாடகைக் கார் பிடித்தாவது அன்றிரவே வந்துவிடுங்கள்.

மின்னல் வெட்டுவது போன்ற ஒளி, திடீரெனப் பெருகும் கரும்புள்ளிகள், ஓரத்திலிருந்து திரை விழுவது போன்ற மறைப்பு ஆகியவை விழித்திரை பிரிவதைக் காட்டலாம். அறுவையாகி ஆண்டுகள் கடந்தும் இது வரும். நடுப்பார்வை இன்னும் தெளிவாக இருக்கும்போதே வந்தால்தான் அந்தப் பார்வையைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம்.

இனி, அவசரம் வேண்டாதவை. மாதங்களோ ஆண்டுகளோ கழித்துப் பையின் பின்சுவர் மங்குவதைப் "புரை திரும்ப வந்துவிட்டது" என்பார்கள். புரை திரும்ப வராது. சில நிமிட யாக் லேசர் போதும். திருவிழா முடிந்தும் வரலாம். இதில் அவசரப்படுவதில் ஒரு தீங்கும் உண்டு. முதல் நாளிலிருந்தே பார்வை சரியில்லை, லென்ஸை மாற்ற நேரலாம் என்ற ஐயம் இருந்தால், லேசரால் துளையிட்ட பின் அந்த மாற்றம் கடினமாகிவிடும். கருவிழி வீக்கமும் அப்படித்தான்: பெரும்பாலும் சில வாரங்களில் தெளிந்துவிடும், சுமார் மூன்று மாதங்கள் பார்த்த பிறகே கருவிழி மாற்று சிகிச்சை பற்றி யோசிக்கிறோம்.

முதல் மாதத்தில் தினமும் காலையில், அறுவை செய்யாத கண்ணை அழுத்தாமல் மறைத்துக்கொண்டு சுவரிலுள்ள நாட்காட்டியைப் பாருங்கள். நேற்றுப் படித்த எண் இன்று படிக்க முடியாவிட்டால் அடுத்த பரிசோதனைத் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம். வரும்போது வெளியேற்றச் சீட்டையும், லென்ஸ் அட்டையையும், போட்டுக்கொண்டிருக்கும் மருந்துப் புட்டிகளையும் எடுத்துவாருங்கள். அறுவை எங்கே நடந்திருந்தாலும், அந்தச் சீட்டு இருந்தால் எங்கள் வேலையில் பாதி முடிந்தது.