பாட்டியின் நோட்டுப் புத்தகத்தைப் படிப்பவர் யார்?

பகல் சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவி, வாசல் கதவைச் சாத்திய பிறகுதான் பாட்டிக்கு ஓய்வு. மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வாரப் பத்திரிகையைப் பிரிக்கிறார். அல்சூர், மர்பி டவுன், காக்ஸ் டவுன், சிவாஜி நகர் பகுதித் தமிழர் வீடுகளில் இது பழகிய காட்சி.

1809-ல் பிரிட்டிஷார் பெங்களூரில் கண்டோன்மென்ட் அமைத்தபோது, சிப்பாய்களாகவும் கான்டிராக்டர்களாகவும் சமையற்காரர்களாகவும் கூலிகளாகவும் தமிழர் பலர் வந்து குடியேறினர். அந்த வழியில் வந்த கிறிஸ்தவக் குடும்பங்களின் பாட்டிமார் பலருக்குப் பொழுதுபோக்கு மூன்று: வாசிப்பு, கம்பளிப் பின்னல், கேக்.

தொடர்கதையும் பைண்டும்

'கல்கி'யில் 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வன்' வந்தபோது, வாராவாரம் பக்கங்களைச் சேர்த்து பைண்டு செய்த வீடுகள் ஏராளம். பிற்பாடு, பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்துக்கொண்டே சுஜாதா தொடர்கதைகள் எழுதினார். 1950-ல் தோன்றிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் அல்சூரில் நூலகமும் நடத்துகிறது.

ஊசியும் நூலும்

சுமார் 3,000 அடி உயரத்திலுள்ள ஊரல்லவா? மார்கழிக் குளிருக்கு ஸ்வெட்டர் வேண்டும். பேரனுக்குச் சின்னதாகிப் போன ஸ்வெட்டரைப் பாட்டி தூக்கிப் போடுவதில்லை. பிரித்து, நூலை அலசி உலர்த்தி, பந்தாகச் சுற்றி, வேறு நிறம் சேர்த்து அடுத்த குழந்தைக்குப் பின்னிவிடுகிறார்.

கேக் வாசனை

கிறிஸ்துமஸ் நெருங்கினால் வீடு அமளிப்படும். ரசல் மார்க்கெட்டில் வாங்கிய உலர்ந்த பழங்கள் முன்கூட்டியே நறுக்கி ஊற வைக்கப்பட்டிருக்கும். முள்கரண்டியின் முதுகில் மாவை உருட்டிக் கல்கல் செய்வது சிறுவர்களின் வேலை. அச்சு முறுக்குக்கு எண்ணெய் காய்வது பாட்டியின் பொறுப்பு. வீட்டில் ஓவன் இல்லாத காலத்தில், கலந்த மாவைத் தட்டுகளில் ஊற்றி, பக்கத்து பேக்கரியின் விறகு அடுப்பில் வேகவைத்து வாங்கி வருவார்கள்.

இதற்கெல்லாம் அளவு எங்கே இருக்கிறது? எண்ணெய்க் கறை படிந்த ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தில், பாட்டியின் கையெழுத்தில், தமிழில் இருக்கிறது. மைதா ஒரு ராத்தல், வெண்ணெய் ஒரு ராத்தல் என்று கணக்கு. ராத்தல் என்றால் சுமார் 454 கிராம் என்பதைப் பாட்டிதான் சொல்ல வேண்டும்.

பேரப் பிள்ளைகளோ பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும் படிக்கிறார்கள். வாழும் மண்ணின் மொழியைக் கற்பது அவசியமே; அதில் குறை காண இடமில்லை. ஆனால் வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்குத் தமிழ் வாசிக்கத் தெரியவில்லை. பாட்டியின் கண்ணில் புரை விழுந்தால் பத்திரிகையைப் படித்துக் காட்ட வீட்டில் ஆள் இல்லை. அவருக்குப் பின் அந்த நோட்டுப் புத்தகமும் வெறும் காகிதந்தான்.

வழி இருக்கிறது

கன்னடம் தெரிந்த பிள்ளைக்குத் தமிழ் எழுத்து மலையல்ல. கன்னடத்தில் 'காகுணித' என்று படிப்பதுதான் நமது உயிர்மெய் வரிசை. அங்கே 'க' இனத்தில் நான்கு எழுத்து, தமிழில் ஒன்றே. 12 உயிரும் 18 மெய்யும் மனதில் பதிந்தால், 247 என்ற எண்ணிக்கையைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. தினம் கால் மணி நேரம் பாட்டியுடன் உட்கார்ந்தால் போதும்.

தகப்பன்மார் ஷிப்டிலும் ஆபீசிலும் இருக்கும் வேளையில், சம்பளம் வாங்காத ஆசிரியை வீட்டிலேயே இருக்கிறார். இந்த டிசம்பரில் கேக்குக்கு மாவு கலக்கும்போது நோட்டுப் புத்தகத்தைப் பேரன் கையில் கொடுத்து, அளவுகளை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். தப்பு வந்தால் திருத்தப் பாட்டி பக்கத்திலேயே நிற்பார்.