பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் ஏன் நடுங்குகிறது?

மாணவர்களே, வார இறுதியில் குடும்பத்தோடு காரில் லிட்டில் இந்தியாவுக்கு வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மத்திய விரைவுச்சாலையில் கார் அலுங்காமல் ஓடுகிறது. புக்கிட் தீமா சாலைக்கு இறங்கும் இடத்தில் அப்பா பிரேக்கை மிதிக்கிறார். உடனே ஸ்டியரிங் அவர் கையில் நடுங்குகிறது. வேகம் குறையக் குறைய நடுக்கமும் மெதுவாகிறது. சிவப்பு விளக்கில் நின்றதும் காணாமல் போகிறது.

"டிஸ்க் சூட்டில் வளைந்துவிட்டது, மாற்ற வேண்டும்." இந்தப் பதிலைப் பல கார்க்காரர்கள் கேட்டிருப்பார்கள். மாற்றியதும் நடுக்கம் நிற்கிறது. சில மாதங்களில் அது திரும்பி வந்துவிடுகிறது. ஏன்?

முதலில் அந்தச் 'சூட்டை'க் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1,400 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 90 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 25 மீட்டர் வேகத்தில் செல்கிறது. அதன் இயக்க ஆற்றல் ½ × 1,400 × 25² = 437,500 ஜூல். ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்க இது போதும். கார் நிற்கும்போது இதன் பெரும்பகுதி உராய்வால் வெப்பமாகி பிரேக் டிஸ்குகளில் இறங்குகிறது. முன்சக்கரங்கள் 70 விழுக்காட்டை ஏற்கின்றன, முன் டிஸ்க் ஒவ்வொன்றும் 6 கிலோ என்று கொள்வோம். இரும்பின் தன்வெப்ப ஏற்புத்திறன் கிலோவுக்குச் சுமார் 460 ஜூல். அப்படியானால் ஒருமுறை நிற்கும்போது டிஸ்கின் வெப்பநிலை ஏறக்குறைய 55 டிகிரிதான் கூடும்.

கெந்திங் மலையிலிருந்து பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே இறங்கினால் சூடு பல மடங்கு ஏறும், உண்மைதான். ஆனால் டிஸ்க் என்பது 1,200 டிகிரிக்கு மேல் உருக்கி வார்க்கப்பட்ட வார்ப்பிரும்பு. நம் நகரச் சாலைகளில் ஓடும் கார் அதை வளைத்துவிடும் என்பது எனக்கு நம்பும்படியாக இல்லை.

அப்படியென்றால் நடுங்குவது எதனால்? பெரும்பாலும் டிஸ்கின் தடிமன் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லாததால்தான். டிஸ்கை இருபுறமும் இரண்டு பேடுகள் நெருக்கிப் பிடிக்கின்றன. தடித்த இடம் வரும்போது பிடி இறுகும், மெலிந்த இடம் வரும்போது தளரும். சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றிலும் இறுகித் தளர்ந்து, அந்த ஏற்ற இறக்கம் ஸ்டியரிங் வரை வந்து சேருகிறது. இதற்கு 0.02 மில்லிமீட்டர் வேறுபாடே போதும். நீங்கள் எழுதும் தாளின் தடிமனில் அது ஐந்தில் ஒரு பங்கு! கண்ணுக்குத் தெரியாது. மைக்ரோமீட்டர் திருகு அளவியால் டிஸ்கைச் சுற்றி எட்டு இடங்களிலாவது அளந்தால் பிடிபடும்.

இனிதான் சுவையான பகுதி. டிஸ்க் 'ஹப்' என்ற வட்டமான இரும்பு முகப்பின்மேல் பொருத்தப்படுகிறது. நம் ஊர் ஈரப்பதத்தில் அந்த முகப்பு துருப்பிடிக்கும். பழைய டிஸ்கைக் கழற்றிவிட்டுத் துருவைச் சுரண்டாமல் புதியதை மாட்டினால், அது மயிரிழை சாய்ந்து நிற்கும். ஹப்பின் ஓரத்தில், மையத்திலிருந்து 70 மில்லிமீட்டரில், 0.03 மில்லிமீட்டர் துரு இருக்கட்டும். 140 மில்லிமீட்டரில் இருக்கும் டிஸ்கின் விளிம்பில் அது 0.06 ஆகிவிடும். கணிதப் பாடத்தில் படித்த ஒத்த முக்கோணங்கள்தான் இவை.

இந்தச் சாய்வு உடனே நடுக்கம் தராது. பேடுகளைத் தாங்கும் காலிப்பர் பக்கவாட்டில் நகரக்கூடியது. டிஸ்க் தள்ளாடினால் அதுவும் கூடவே நகர்ந்துகொள்ளும். அதனால் பணிமனையிலிருந்து வரும் கார் அருமையாக நிற்கிறது. ஆனால் பிரேக் மிதிக்காத நேரத்திலும் டிஸ்கின் துருத்திய பகுதி ஒவ்வொரு சுற்றிலும் பேடை லேசாக உரசிச் செல்கிறது. சக்கரத்தின் சுற்றளவு 2 மீட்டர் என்றால் கிலோமீட்டருக்கு 500 உரசல். 5,000 கிலோமீட்டரில் 2.5 மில்லியன் உரசல்! அந்த இடம் மட்டும் தேய்ந்து மெலிகிறது. ஒரு பக்கம் துருத்தினால் அதற்கு நேர் எதிரே மறுபக்கம் துருத்தும் என்பதால், பெரும்பாலும் மெலிந்த இடங்கள் இரண்டு உண்டாகும். மாதங்கள் கழித்து நடுக்கம் தொடங்கும்போது, பாவம், புது டிஸ்கின் மேல் பழி விழுகிறது.

சக்கர நட்டுகளை ஒழுங்கில்லாமல் முறுக்கினாலும் இதே சாய்வு வரும். அவற்றை நட்சத்திர வரிசையில், தயாரிப்பாளர் சொன்ன திருப்புத்திறன் அளவுக்கு முறுக்க வேண்டும். பல கார்களுக்கு அது 100 நியூட்டன் மீட்டரை ஒட்டியிருக்கும். இன்னொரு காரணமும் உண்டு. விரைவுச்சாலையிலிருந்து இறங்கியதும் கடுமையாக நிறுத்தி, கொதிக்கும் டிஸ்கைப் பேடால் அழுத்திப் பிடித்தபடியே காத்திருந்தால், பேடின் பொருள் அந்த இடத்தில் ஒட்டிப் படிந்துவிடலாம்.

ஆகவே டிஸ்க் மாற்றும்போது அப்பா கேட்க வேண்டிய கேள்வி, "ஹப்பைச் சுத்தம் செய்து, டயல் கேஜ் வைத்துத் தள்ளாட்டத்தைப் பார்த்தீர்களா?" என்பதுதான். டிஸ்க் போதிய தடிமனோடு இருந்தால் 'ஸ்கிம்' செய்து, அதாவது மேற்பரப்பைச் சீவிச் சமன்செய்தே ஓட்டலாம். குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் டிஸ்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும்.

எல்லா நடுக்கமும் பிரேக்கினால் வருவதில்லை. பிரேக் மிதிக்காதபோதும் நடுங்கினால் டயர் சமநிலையைப் பாருங்கள். ஸ்டியரிங் ஆடாமல் இருக்கை மட்டும் அதிர்ந்தால் பின்சக்கரங்களைச் சந்தேகிக்கலாம். மழையில் திடீரென அழுத்தி மிதிக்கும்போது பெடல் படபடவெனத் துடித்தால் அது ஏபிஎஸ் வேலை செய்வது, கோளாறு அல்ல. ஆனால் இரும்போடு இரும்பு உரசும் ஓசை கேட்டாலோ, பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கினாலோ காரை ஓட்டக்கூடாது.

உங்கள் வீட்டுக் காரில் நடுக்கம் இருந்தால், பணிமனைக்குப் போகும் வழியில் ஒரு சோதனை செய்யலாம். ஃபைபாக்ஸ் என்ற இலவசச் செயலி கைப்பேசியின் முடுக்கமானியைக் கொண்டு அதிர்வெண்ணைக் காட்டும். ஓட்டுபவரைத் தொந்தரவு செய்யாமல், பயணியாக அமர்ந்து கைப்பேசியைக் காரின் தரையில் அழுத்திப் பிடியுங்கள். மணிக்கு 72 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 20 மீட்டர். 2 மீட்டர் சுற்றளவுள்ள சக்கரம் வினாடிக்கு 10 முறை சுற்றும். பிரேக் பிடிக்கும்போது மட்டும் 10 அல்லது 20 ஹெர்ட்ஸில் ஒரு முகடு எழுந்து, வேகம் 36 ஆகும்போது அது 5 அல்லது 10 ஹெர்ட்ஸுக்கு இறங்குகிறதா? அந்த வரைபடத்தைப் பணிமனைக்காரரிடம் காட்டுங்கள்.