கதாநாயகன் இல்லாத இசைத்தட்டு

விருதுநகர் மாரியம்மன் பங்குனிப் பொங்கலுக்குப் போனவர்களுக்குத் தெரியும். ஒலிபெருக்கிக் குழாய் வாயைத் திறந்தால் எம்.எஸ்.விசுவநாதன் பாட்டு வந்துவிடும். ஆனால் ஜனங்கள் "சிவாஜி பாட்டு", "எம்.ஜி.ஆர். பாட்டு" என்றுதான் சொல்வார்கள். மெட்டுப் போட்டவர் பெயர் பிறகுதான் வரும்.

அந்த விசுவநாதனே முதலில் நடிக்க வந்தவர்தான்!

பாலக்காடு பக்கம் எலப்புள்ளியில் 1928-ல் பிறந்தவர். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்தார். நடிகராகும் ஆசையோடு ஜுபிடர் பட நிறுவனத்துக்குப் போனார். நடிப்பு கைகூடவில்லை. எடுபிடி வேலைதான் கிடைத்தது. அங்கே இசையமைப்பாளர் எஸ்.எம்.சுப்பையா நாயுடுவிடம் ஒட்டிக்கொண்டார்.

1970-ல் அவர் ஒரு துணிச்சலான காரியம் செய்தார். "திரில்லிங் தீமாட்டிக் டியூன்ஸ்" என்று ஓர் இசைத்தட்டு. படம் கிடையாது. கதாநாயகன் கிடையாது. வாத்திய இசைதான்!

மேல்நாட்டில் அது மயக்கமூட்டும் ராக் இசையின் காலம். 1967-ல் பீட்டில்ஸ் கோஷ்டி நம் சித்தாரையும் தபலாவையும் தன் தட்டில் சேர்த்திருந்தது. விசுவநாதன் எதிர்த் திசையிலிருந்து வந்தவர். மேல்நாட்டு வாத்தியங்கள் அவருக்குச் சினிமாவிலேயே கைவந்த சரக்கு. காட்சிக்கு அளவெடுத்துத் தைத்தே பழகியவர், இங்கே தம் இஷ்டத்துக்குத் துணி வெட்டினார்.

ஆனால் முணுமுணுக்க வார்த்தை வேண்டாமா? பொங்கல் பந்தலில் இந்தத் தட்டை நான் கேட்டதே இல்லை.

சரி, நடிப்பு ஆசை என்ன ஆயிற்று? 1998-ல் "காதல் மன்னன்" படத்தில் மெஸ் நடத்துபவராக வந்தார். அப்போது அவருக்கு வயது எழுபதை நெருங்கிவிட்டது!